முன்னால் நடந்தவள்

எனக்கு வாய் ஜாஸ்தி. செஞ்சியில் எங்கள் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேடீஸ் டைலர் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு எடுத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவளின் மாமியார், ஓரகத்தி, ரேஷன் கடைச் சண்டை எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுவேன். "உன் மிஷினை விட உன் வாய் ஸ்பீடு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒரு வருஷம் முழுக்க வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

என் நாத்தனாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ரொம்பச் சின்னவள். காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோதே ஒருவனோடு போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வீட்டில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவன் குடிகாரன் என்பது அவளுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை, ஆனால் திரும்பி வர வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறாள். கடைசியில் ஒரு நாள் காலை ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், உள்ளே விட்டார். சோறு போட்டார். அப்புறம் அவள் எதைத் தொட்டாலும், "நீயா தேடிக்கினதுதானே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார். அரிசி தீய்ந்தாலும் அதே வார்த்தை, பால் பொங்கினாலும் அதே வார்த்தை.

நான்தான் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாவது மிஷினில் உட்கார வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஓரம் அடிப்பதில் ஆரம்பித்தவள் சீக்கிரமே கழுத்து டிசைன் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். என்னை வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்பாள். எந்தக் காரியமானாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்வாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு அவளுக்கு ஒரு மெக்கானிக் சம்பந்தம் வந்தது. தளவானூர் பக்கம், கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். மனைவி நோயில் போய்விட்டாள், குழந்தை இல்லை. அக்காவோடு வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கடைக்கு வந்தார், கையில் ஒரு ரெக்ஸின் துண்டு. பைக் சீட்டுக்குக் கவர் தைக்க வேண்டுமாம்.

"இது லேடீஸ் டைலர்ங்க. உங்க பைக்கு இன்னா, ரவிக்கையா போடுது?" என்றேன்.

அந்த ஆளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. என் நாத்தனார் தலையைத் தூக்காமலே கையை நீட்டி ரெக்ஸினை வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அதைத் தைத்தாள். கருப்பு ரெக்ஸினில் சிவப்பு நூல். ரவிக்கைக்குப் போடுகிற பைப்பிங் வைத்து ஓரம் கட்டியிருந்தாள். இதுவரை எந்த பைக் சீட்டும் அப்படி ஒரு அழகைப் பார்த்திருக்காது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாடி, சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருங்க அண்ணி. தீ மிதிச்சிட்டு சொல்றேன்."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு வீட்டை விட்டுப் போனேனே, அந்தத் தப்பைக் குண்டத்துலயே போட்டுட்டு வந்துடறேன். அம்மா சொல்றது காதுல கேட்டுக்கினே இருக்குது அண்ணி. அம்மனே வுட்டுட்டான்னா அப்புறம் யாரும் கேக்க முடியாதுல்ல. புதுசா ஆரம்பிச்சிடுவேன்."

எங்கள் மாமனார் ஊர் அனந்தபுரம் போகிற வழியில் உள்ளே இருக்கிறது. அங்கே திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்து, கூத்து ஆடி, கடைசி நாள் தீ மிதிப்பார்கள். ஆண்களோடு பெண்களும் மிதிப்போம். நான் ஏற்கெனவே மிதித்திருக்கிறேன். அவளுக்கு அதுதான் முதல் தடவை. பயம்.

"நீங்க முன்னாடி போங்க அண்ணி. நான் நெருப்பைப் பாக்க மாட்டேன். உங்க முதுகையே பாத்துக்கினு வந்துடுவேன்" என்றாள்.

கையில் மஞ்சள் காப்புக் கட்டிய நாளிலிருந்து அவள் இருந்த விரதம் இருக்கிறதே, அப்பப்பா! ஒரு வேளைச் சோறு. தினமும் தலைக்குத் தண்ணீர். ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதால் கடையை நான் பூட்டிவிட்டேன், இருவரும் ஊரிலேயே தங்கினோம். நானும் விரதம் இருந்தேன், ஆனால் டீ இல்லாமல் தலைவலி என்று நாலு பேரிடம் புலம்பிக்கொண்டு இருந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

கடைசி நாள் காலையில் படுகளம் முடிந்தது. களிமண்ணால் செய்து நீட்டிப் படுக்க வைத்த துரியோதனனைச் சுற்றிக் கூத்துக்காரர்கள் ஆடி முடித்தார்கள், ஜனம் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனது. சாயங்காலம் நாங்கள் குளித்து, ஈர மஞ்சள் சேலையோடு, வேப்பிலைக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். கட்டைகள் எரிந்து அடங்கி, கங்குகளைக் கிளறிச் சமமாகப் பரப்பியிருந்தார்கள். ஓரங்களில் மட்டும் குவியலாகக் கிடந்தது. பம்பை அடித்தது. கரகம் முதலில் இறங்கியது. பின்னாலேயே ஆட்கள் ஓடினார்கள்.

இங்கே நான் ஒன்றை விழுங்காமல் சொல்ல வேண்டும். அன்று காலையில் என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லியிருந்தேன். "போன வாட்டி என் முதுகைத்தான் எடுத்தீங்க. இந்த வாட்டி மூஞ்சி தெரியிற மாதிரி வீடியோ எடுங்க." சொன்னது நான்தான். அவர் பாவம், குண்டத்துக்குப் பக்கத்தில் நின்ற டிராக்டர் மேல் ஏறி போனைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

நான் இறங்கினேன். பாதி தூரம் போயிருப்பேன்.

"ந்தா, இங்க பாரு!"

திரும்பினேன். திரும்பினது மட்டும் இல்லை, நின்றேன். நின்றது மட்டும் இல்லை, சிரித்தேன். சாமி குண்டத்தில், ஜனம் கோவிந்தா போடும்போது, போனைப் பார்த்துச் சிரித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

பின்னால் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவள் என் மேல் மோதினாள். தடுமாறி ஓரத்துக்குப் போய்விட்டாள். அங்கே குவிந்திருந்த கங்குக்குள் அவள் வலது கால் புதைந்தது. அலறல் கேட்டதும் நான் ஓடினேன், முன்னால். கரையில் நின்ற ஆட்கள் பாய்ந்து அவளை அக்குளில் பிடித்துத் தூக்கி வெளியே இழுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது குண்டத்தின் முடிவில் இருக்கும் பால் கலந்த தண்ணீர்க் குழியில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் தீயில் கால் சுட்டுவிட்டால் நெருப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சுட்டுக்கொண்டவர்கள்மேல்தான் குற்றம். விரதத்தில் எங்கோ குறை, மனசில் எங்கோ அழுக்கு. பூசாரி மஞ்சளைக் கொண்டுவந்து அவள் காலில் அப்பினார். "எங்கியோ குத்தம் இருக்குதும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது வழக்கமாகச் சொல்வது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

புகையிலும் கூச்சலிலும் நான் நின்றதை யாரும் கவனித்திருக்கவில்லை. யாரோ என்னைக் கேட்டார்கள். "இன்னா ஆச்சி? நீ கூடத்தானே வந்த?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் முன்னாடி போயிட்டேன்ல."

இந்தப் பதில் தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தபிறகும் மாற்றிச் சொல்லவில்லை, அதுதான் என் தப்பு. சொன்னால் ஊர் என்ன பேசும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அடுத்தவர்களைப் பற்றி அப்படிப் பேசிப் பழகியவள் ஆயிற்றே. குண்டத்தில் நின்று போஸ் கொடுத்தவள் என்று நான் செத்தபிறகும் பேசும்.

வீடியோவை வீட்டுக்காரர் மறுநாள் காட்டினார். புகை, என் பல், அப்புறம் ஆட்டம் கண்டு தரை. அவளே அதில் தெரியவில்லை. "உன் மூஞ்சி நல்லா வந்திருக்குது பாரு" என்றார். அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், வேறு எதையும் கவனிக்கவில்லை. அதை அழித்துவிடச் சொன்னேன். "அவ அடிபட்டுக் கெடக்குறா, இது எதுக்கு?" என்றேன். எனக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு அவர் அழித்தார்.

இன்னொன்றும் உண்டு. நின்ற நேரத்தில் எனக்கும் இடது பாதத்தில் கொப்புளம் வந்திருந்தது. நொண்டினால் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். அவள் காலுக்கு நான்தான் தினமும் மருந்து போட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவில் கூட்டிப் போனதும், கட்டு மாற்றியதும், கஞ்சி வைத்ததும் நான்தான். அவள் கண்ணயர்ந்ததும் அதே டியூபிலிருந்து கொஞ்சம் பிதுக்கி, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு என் காலிலும் தடவிக்கொள்வேன். ஊரே என்னைப் பார்த்து, "நாத்தனாரை இப்பிடிப் பாத்துக்க யாரு இருக்குறாங்க" என்றது. நான் மறுக்கவில்லை.

பயத்தில் தன் கால்தான் தடுமாறிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "அந்தத் தளவானூர்க்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்க அண்ணி. அம்மன் உத்தரவு இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. தீன்னா சுடத்தான் செய்யும்."

"அப்போ உங்களுக்கு ஏன் சுடல?"

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்ட மாதிரி ஒரு கேள்வி. நான் உள்ளே போயிருக்கலாம். "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மெக்கானிக்கின் அக்கா போனில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் பொறுத்திருந்தார்கள். பிறகு திண்டிவனம் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அன்று அவள் கடைக்கு வந்து எப்போதும்போல மிஷினில் உட்கார்ந்தாள். மிதியை இப்போது இடது காலால் மிதிக்கப் பழகியிருந்தாள். வலது பாதத்தில் தோல் இழுத்துக்கொண்டு, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒட்டினாற்போல் ஆகியிருந்தன.

அவளாகவே தனக்கு ஒரு தண்டனையும் வைத்துக்கொண்டாள். அடுத்த தீமிதி வரைக்கும் செருப்பு போடுவதில்லை. செஞ்சி வெயிலில்! சுற்றிலும் பாறை. காலை பத்து மணிக்கே கோட்டை மலை அனலைக் கக்க ஆரம்பித்துவிடும். தார் ரோட்டில் அந்தக் காலை வைத்துக்கொண்டு, நிழல் பார்த்துப் பார்த்து, சைக்கிள் கடை ஓரம், பேக்கரி ஓரம் என்று ஒதுங்கி ஒதுங்கி வருவாள். நான் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டைப்பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதைவிடக் கொடுமை, அவள் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டே இருந்ததுதான். ஏதாவது ஒரு நினைப்பு வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுவாள். பக்கத்து வீட்டில் வாங்கின சட்டியில் முட்டை வறுத்திருப்பார்களோ? காப்புக் கட்டிய பிறகு அந்தக் குடிகாரனை மனசுக்குள் திட்டினேனே, அதுவா? அம்மாவைத் திட்டினேனே, அதுவா? நான் பெரிய நீதிபதி மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டு, "சேச்சே, அது ஒரு குத்தமாடி, வுடு" என்று தீர்ப்பு சொல்வேன். அவளும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நாளில் வேறொன்றைத் தோண்டி எடுத்து வருவாள். வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். கறிவேப்பிலை வாடியிருந்தால்கூடச் சண்டை போடுவேன். போனை எடுத்து அவர் எதையாவது படம் பிடித்தால் எனக்கு வெறி வந்துவிடும். "இன்னா ஆச்சி உனக்கு?" என்று அவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

மறுபடி காப்புக் கட்டுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மதியம், தைத்து முடித்த துணிகள் அடங்கிய பையை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனோம். நல்ல உச்சி வெயில். கோட்டை பார்க்க வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்துகொண்டிருந்தாள்.

ஜூஸ் கடை வாசலில் ஒரு பைக் நின்றது. சீட்டில் கருப்பு ரெக்ஸின், சிவப்பு நூல், ஓரத்தில் பைப்பிங். அந்தச் சீட்டின்மேல் புதுத்தாலிக் கயிற்றின் மஞ்சள் மங்காத ஒரு பெண் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் எங்களைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். நாங்களும் பார்க்காதவர்கள்போல் தாண்டிவிட்டோம்.

கொஞ்சதூரம் போனதும் அவள் சொன்னாள். "இப்போ தெரிஞ்சிடுச்சி அண்ணி."

"இன்னாது?"

"இன்னா குத்தம்னு. அன்னிக்கு ஈரத்துணியோட வரிசைல நின்னேன்ல, சாமிய நெனைக்கல அண்ணி. அந்த ஆளத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இதே கவர் போட்ட சீட்டுல பின்னாடி ஒக்காந்துக்கினு போறா மாதிரி. சந்தோசமா இருந்திச்சி. சாமி எதிர்ல நின்னுக்கினு அப்பிடி நெனைக்கலாமா? அதான் சுட்டுட்டா." சொல்லிவிட்டு, "இனிமே நெனைக்க மாட்டேன்" என்றாள்.

பையை அப்படியே நடுத்தெருவில் வைத்துவிட்டேன். ஒரு பெண் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்ததைக் குற்றம் என்று முடிவு பண்ணி, இனி சந்தோஷமே வேண்டாம் என்கிறாள். அதற்கும் நான் "வுடுடி" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"குத்தம் உன்னுதில்லடி. நான் நின்னுட்டேன்."

"இன்னாது?"

"குண்டத்துல. நடுவுல நின்னுட்டேன். நீ என்மேல இடிச்சிதான் ஓரத்துல போய் விழுந்த. உன் விரதம்லாம் சுத்தமா இருந்திச்சி. நான்தான்."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "எதுக்கு நின்னீங்க?"

இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மயக்கம் வந்தது, அருள் வந்தது என்று எதையாவது சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். "உங்க அண்ணன் வீடியோ எடுத்தாரு. மூஞ்சி தெரியணும்னு."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது. அவள் அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"முட்டச் சட்டி, திட்டினது எல்லாம் உங்ககிட்ட வந்து சொன்னனே. அப்பல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கேட்டுக்கினு இருந்தீங்க?"

"ஆமாம்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொள்ளாமல், வந்த வழியே திரும்பி நடந்தாள். நிழல் பார்க்காமல் நடு ரோட்டிலேயே போனாள். நான் பின்னால் போகத் துணியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியாரையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து நானே சொன்னேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் லோடு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் வாய் பிளந்து என்னைப் பார்த்தார்.

"நீ நின்னியா? நின்ன காலுக்கு ஏன்டி சுடல?"

"சுட்டுச்சி அத்தை. மறைச்சிட்டேன்."

இதைக் கேட்டதும்தான் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. "பாவி! பாவி!" என்று அடித்தொண்டையில் கத்தினார். "பெத்த வயிறு, தெனம் என் வாயால அவளக் குத்தினேனேடி! என்னையும் சேத்துப் பாவியாக்கிட்டியேடி!" கத்திவிட்டு, உள்ளே மகள் படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அன்றிலிருந்து "நீயா தேடிக்கினது" என்ற வார்த்தை எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

என் நாத்தனார் சில நாள் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலை சந்தில் டப் டப்பென்று சத்தம் கேட்டது. செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். நான் வாங்கிக் கொடுத்தது இல்லை, அவளே கடைக்குப் போய் வாங்கியது. மிஷினில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்களிடம் பேசினாள். என்னிடம் வேலைக்குத் தேவையான வார்த்தை மட்டும். "கத்திரி." "ஹூக் தீந்துடுச்சி." அண்ணி என்பது மட்டும் வரவில்லை. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"கோயில்ல போய்ச் சொல்லட்டுமா? பூசாரிகிட்ட, ஊர்க்காரங்ககிட்ட?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொன்னா இன்னா ஆவும்? அந்த ஆளு பொண்டாட்டிய வுட்டுட்டு வந்துடுவாரா?" என்றாள் தலை நிமிராமல். அது திரும்பாது. இப்போதும் பஸ் ஸ்டாண்டில் அந்த பைக் நின்றால் வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆனாலும் ஊரில் சொன்னேன். காப்புக் கட்டும் நாள் அன்று பூசாரியிடம், நாலு பெண்கள் நிற்கும்போது, உரக்கவே சொன்னேன். நினைத்தபடியே பேசினார்கள். பேசட்டும். எனக்குக் காப்புக் கட்டலாமா கூடாதா என்று பூசாரி யோசித்தார். அப்போது பின்னால் நின்றவள், "கட்டுங்க அவங்களுக்கு" என்றாள். தன் கையையும் நீட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீயும் மிதிக்கப் போறியா?"

அவள் கையை இன்னும் கொஞ்சம் பூசாரி பக்கம் நீட்டினாள்.

தீமிதி அன்று சாயங்காலம் அதே ஈர மஞ்சள் சேலை, அதே வேப்பிலை. வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. போன் வீட்டிலேயே இருந்தது. நான் வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னால் போக எனக்கு என்ன யோக்கியதை? அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க வாங்க. முன்னாடி நில்லுங்க."

"வேணாம்டி. நீ போ. நான் பின்னாடி வரேன்."

"போன வாட்டி மாதிரியேதான் போவணும். நீங்க முன்னாடி."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குது. நடங்க."

நடந்தேன். கங்குமேல் கால் வைத்ததும் எனக்குக் கண் இருண்டது. நெருப்புக்கு இல்லை. பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் கண் என் முதுகில் இருப்பது எனக்குத் தெரிந்தது. எங்கோ யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இல்லை அப்படித் தோன்றியதோ என்னவோ. நான் திரும்பவில்லை. பால் குழியில் கால் விழுந்த பிறகும் இன்னும் இரண்டு எட்டு போய்விட்டேன், அவளுக்கு இடம் வேண்டுமே என்று.

அவள் வந்து குழியில் நின்றாள். வெள்ளைத் தண்ணீருக்குள் அந்த ஒட்டிப்போன விரல்கள் தெரிந்தன. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி அடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் காலைக் காட்டினாள்.

"சுட்டுச்சா அண்ணி?"

போன வருஷத்திலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"சுட்டுச்சிடி."

"எனக்குந்தான்" என்றாள். "வாங்க, செருப்பைத் தேடலாம்."